நிலம் கைமாறும், நிபந்தனை மாறாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் 60 ஏக்கர் காடும் ஒரு பழைய பண்ணை வீடும் சேர்ந்த சொத்தை வாங்க விலை பேசியிருக்கிறான். அந்த நிலத்தின் மீது ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்று ஒன்று இருப்பதாகவும், அதனால்தான் விலை குறைவு என்றும் தரகர் சொல்கிறாராம். இது வில்லங்கம் தானே? வாங்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பதிவேட்டில் ஏறிய எந்தக் கட்டுப்பாட்டையும் வில்லங்கம் என்று சொல்வது நம் வழக்கம். அந்தப் பொருளில் இதுவும் வில்லங்கம்தான். ஆனால் பட்டா தகராறு, அடமானக் கடன் போன்று பயந்து ஒதுங்க வேண்டிய வில்லங்கம் அன்று. தங்கள் பகுதியின் பழைய கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வண்டித்தட பாத்தியம்’ என்றும், ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம்’ என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் ஒருவருடையது, அதில் குறிப்பிட்ட ஓர் உரிமை மட்டும் வேறொருவருடையது, நிலத்தை யார் வாங்கினாலும் அந்த உரிமை நிலத்தோடு கூடவே போகும் என்பதுதான் அதன் பொருள். தங்கள் மகன் பார்த்திருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பாதுகாப்புப் பாத்தியதை என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

வேறுபாடு ஒன்று உண்டு. வண்டித்தடப் பாத்தியம் பெற்றவர் அடுத்தவர் நிலத்தில் நடந்துபோகலாம், வண்டி ஓட்டலாம். பாதுகாப்புப் பாத்தியதை பெற்றவருக்கோ, நிலத்தின் சொந்தக்காரர் சில செயல்களைச் செய்யாதபடி தடுக்கும் உரிமைதான் முக்கியமாக உண்டு. காட்டை மனைகளாகப் பிரிக்கக் கூடாது, ஓடைக்கரையிலிருந்து இத்தனை அடிக்குள் மரம் வெட்டக் கூடாது, சுரங்கம் தோண்டக் கூடாது, குறித்த இடத்துக்கு வெளியே கட்டடம் எழுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இந்த உரிமையை வைத்திருப்பது ஒரு நில அறக்கட்டளையாகவோ (நிலங்களைக் காப்பதற்கென்று இயங்கும் அமைப்பு), ஊராட்சி, மாவட்டம், நகரம், மாநிலம் போன்ற ஓர் அரசு அமைப்பாகவோ இருக்கும். மற்ற எல்லா உரிமைகளும் நில உடைமையாளரிடமே இருக்கின்றன. அவர் அங்கே குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், அனுமதித்த அளவுக்கு மரம் எடுக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.

ஆகவே வாங்கலாம், ஆனால் பத்திரத்தை வரிவரியாகப் படித்துவிட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு பத்திரமும் அந்தந்த நிலத்துக்கென்று தனியாக எழுதப்பட்டது என்பதால், பக்கத்து நிலத்துக்காரர் ‘எங்களுக்கு அதற்கு அனுமதி உண்டு’ என்று சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பத்திரத்தோடு ‘அடிப்படை நிலை அறிக்கை’ என்று ஓர் இணைப்பும் இருக்கும். பாத்தியதை எழுதப்பட்ட அன்று நிலம் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி அது. எந்த இடத்தில் நின்று எந்தத் திசை நோக்கி எடுத்த புகைப்படம் என்ற குறிப்புடன் படங்களும், வேலி, கொட்டகை, பாதை, ஓடை எல்லாம் குறித்த வரைபடமும், இரு தரப்புக் கையெழுத்தும் அதில் இருக்கும். தங்கள் மகன் அதையும், பாத்தியதை வைத்திருக்கும் அமைப்பு ஆண்டுதோறும் நிலத்தைப் பார்வையிட்டு எழுதும் அறிக்கைகளில் கடைசியானதையும் கேட்டு வாங்கட்டும். முந்தைய உடைமையாளர் நிபந்தனையை மீறி ஒரு கொட்டகை கட்டியிருந்தால், அதை இடிக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழக்கூடும்.

கேள்வி: தன் நிலத்தின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்ள எந்த விவசாயி சம்மதிப்பார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சும்மா கொடுப்பவரும் உண்டு, விலைக்குக் கொடுப்பவரும் உண்டு. இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் நிலத்துக்கு இரண்டு விலை போடுவார். மனை போட்டு விற்கும் வாய்ப்போடு சேர்த்து ஒரு விலை, அந்த வாய்ப்பு போன பிறகு ஒரு விலை. உதாரணமாக, முதல் விலை 10 லட்சம் டாலர், இரண்டாவது விலை 6 லட்சம் டாலர் என்றால், பாத்தியதையின் மதிப்பு 4 லட்சம் டாலர். உள்ளாட்சியோ அறக்கட்டளையோ அந்த 4 லட்சத்தைக் கொடுத்து வாங்கலாம். உடைமையாளர் அதை நன்கொடையாகக் கொடுத்தால், அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 1980 முதல் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் நிலையாக இருந்துவரும் சலுகை இது. ஆண்டு வருமானத்தில் பாதி வரையிலும், விவசாயமே முதன்மைத் தொழிலாக உள்ளவர்களுக்கு முழு வருமானம் வரையிலும் கழிக்கலாம், மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம் என்ற ஏற்பாடு 2015 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

ஆனால் வரிச்சலுகையை மட்டும் பார்த்தால் விவசாயியின் மனம் நமக்குப் புரியாது. சொந்த நிலம் பல ஏக்கர் இருக்கும், கையில் காசு இருக்காது. இந்த நிலைமை தஞ்சைக்குப் புதிதன்று, அமெரிக்கப் பால்பண்ணைக் குடும்பங்களுக்கும் புதிதன்று. தகப்பனார் இறந்தபின் மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் மாடு வளர்க்க விரும்புகிறார், மற்ற இருவரும் பங்கைப் பணமாகக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை மனை வியாபாரிக்கு விற்காமல் அந்தப் பணத்தைப் புரட்ட வேறு வழி அரிது. மனை போடும் உரிமையை மட்டும் விற்றுக் கிடைக்கும் தொகையில் உடன்பிறந்தவர்களின் பங்கைத் தீர்த்துவிட்டு, ஒருவர் பண்ணையைத் தொடர முடிகிறது. நிலத்தின் விலை இறங்கிவிட்டதால், சொந்த நிலம் இல்லாத இளம் விவசாயி ஒருவர் பின்னாளில் அதை வாங்கவும் வாய்ப்பு உண்டாகிறது.

கலிஃபோர்னியாவின் மரீன் மாவட்டத்தில் 1980 இல், உயிரியலாளர் ஃபிலிஸ் ஃபேபரும் பால்பண்ணை நடத்திய எலன் ஸ்ட்ராஸும் சேர்ந்து விளைநிலங்களுக்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகிலேயே இன்றும் அங்கே குன்றுகளில் மாடுகள் மேய்கின்றன என்றால், சூழலியலாளரும் விவசாயியும் எதிரெதிராக நில்லாமல் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

கேள்வி: இதில் உள்ளாட்சிக்கு என்ன வேலை? அரசுக்கு வேண்டுமென்றால் நிலத்தைக் கையகப்படுத்திவிட்டுப் போகலாமே? (வாசகர், சேலம்)

பதில்: கையகப்படுத்திய வரலாறும் உண்டு, அதன் காயமும் உண்டு. மேலே கோயம்புத்தூர் வாசகர் குறிப்பிட்ட அதே கேட்ஸ்கில் மலைதான் அதற்குச் சாட்சி.

நியூயார்க் நகரம் தன் குடிநீரை வெகு தொலைவிலிருந்து கொண்டுவருகிறது. ஏறக்குறைய 2,000 சதுர மைல் நீர்ப்பிடிப்புப் பகுதி, 19 நீர்த்தேக்கங்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி கேலன், குடிப்பவர்கள் 90 லட்சம் பேருக்கு மேல். கடந்த நூற்றாண்டில் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களைக் கட்டுவதற்காக நகரம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மலையூர்களைக் கையகப்படுத்தியது. வீடுகளும் தேவாலயங்களும் அப்புறப்படுத்தப்பட்டன, கல்லறைகளைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள், பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயின. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தார்கள்.

1989 இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு விதி கொண்டுவந்தது. ஏரி, ஆற்று நீரை வழங்கும் எல்லா நகரங்களும் அதை வடிகட்ட வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதி நன்கு காக்கப்படுகிறது என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. கேட்ஸ்கில், டெலவேர் பகுதி நீருக்கு வடிகட்டும் ஆலை கட்டினால் அன்றைய மதிப்பீட்டிலேயே 600 கோடி டாலருக்கு மேல் செலவாகும். நகரம் காட்டைக் காப்பது மலிவு என்று முடிவு செய்தது. அதன் முதல் முயற்சி 1990 இல் மலையூர்களுக்கான கடுமையான விதிகளின் வரைவாக வெளிவந்தது. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஓடையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் மாடு மேய வேண்டும் என்றால், பள்ளத்தாக்கில் இருக்கும் நல்ல மேய்ச்சல் நிலமெல்லாம் போய்விடும் அல்லவா?

அதன்பின் நடந்ததைத்தான் நம் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பல ஆண்டுகள் பேசி, 1997 ஜனவரியில் நகரமும் மாநிலமும் மத்திய முகமையும் மலையூர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டிய நிலத்தை அல்லது பாதுகாப்புப் பாத்தியதையை விற்க விரும்புகிறவரிடம் மட்டுமே நகரம் வாங்கும். இந்தத் திட்டத்துக்குக் கட்டாயக் கையகப்படுத்தல் கிடையாது. தனி மதிப்பீட்டாளர் போடும் சந்தை விலையைக் கொடுக்கும். வாங்கியதற்கு உள்ளூர்ச் சொத்து வரியையும் செலுத்தும். ஊர் வளர்வதற்கு வேண்டிய மையப் பகுதியில் நகரம் நிலம் வாங்கக் கூடாது என்று ஊராட்சி விலக்கிக்கொள்ளலாம். விவசாய நிலங்களின் பாத்தியதைகளை, விவசாயிகளே முன்னின்று நடத்தும் நீர்ப்பிடிப்பு வேளாண் மன்றம் வாங்கி வைத்துக்கொள்ளும். பணத்தை நகரம் கொடுக்கும்.

அந்த மலைகளின் நீர் இன்றும் கிருமி நீக்கம் செய்யப்படுகிறதே தவிர வடிகட்டப்படுவதில்லை. எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நகரம் வாங்கிக்கொண்டே போனால் எங்கள் பிள்ளைகள் வீடு கட்ட இடம் எங்கே என்று மலையூர்கள் இன்றும் கேட்கின்றன. அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் இன்று பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆஷோகன் நீர்த்தேக்கத்துக்காகப் பெயர்க்கப்பட்ட அவர்களின் முன்னோருக்கு அந்த மேசையே இருக்கவில்லை.

வேறு வழிகளும் உண்டு. கொலராடோவின் போல்டர் நகர மக்கள் 1967 இலேயே, திறந்தவெளி நிலங்களை வாங்கிக் காப்பதற்காகத் தங்கள் மீதே கூடுதல் விற்பனை வரி விதித்துக்கொள்ள வாக்களித்தார்கள். மேரிலாந்தின் மாண்ட்கோமரி மாவட்டம் 1980 இல் ஏறக்குறைய 93,000 ஏக்கரை வேளாண் ஒதுக்கீட்டுப் பகுதியாக அறிவித்து, 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்த விதியை 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று மாற்றியது. அதற்கு ஈடாக, 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டும் உரிமையைத் தாளில் எழுதிக் கொடுத்தது. 100 ஏக்கர் வைத்திருப்பவர் 20 உரிமைகளை, நகரை ஒட்டிய பகுதியில் கூடுதல் வீடு கட்ட விரும்பும் கட்டுநருக்கு விற்கலாம். விற்றதும் அவர் நிலத்தின் மீது பாத்தியதை பதிவாகிவிடும். அரசுக் கஜானாவிலிருந்து பெரும்பணம் எடுக்காமலேயே, வீடு பெருக வேண்டிய இடத்திலிருந்து பயிர் நிற்க வேண்டிய இடத்துக்குப் பணம் நகரும் ஏற்பாடு இது. நம் நகரமைப்புத் துறையினர் ஆழ்ந்து பார்க்க வேண்டிய ஏற்பாடும்கூட.

கேள்வி: ‘என்றென்றைக்கும்’ என்று எழுதி வைக்க நாம் யார்? பேரப்பிள்ளைகளின் கையைக் கட்டும் உரிமை நமக்கு உண்டா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இந்தக் கேள்வியை நானும் பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. நிலத்தை மனை போட்டு விற்பவரும் பேரப்பிள்ளைகளின் கையைக் கட்டத்தான் செய்கிறார். நாற்பது வீடும் தார்ச்சாலையும் வந்த பிறகு அந்த மண்ணில் மறுபடி நெல் நட எந்தப் பேரனாலும் முடியாது. இரண்டு நிரந்தரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்போது, மண்ணை மண்ணாக விட்டுவைக்கும் நிரந்தரம் மேல் என்பது என் கருத்து.

நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுமானால் பாத்தியதை நிரந்தரமாக இருந்தே ஆக வேண்டும். நீதிமன்றத்தின் வழியாக, அதன் நோக்கமே நிறைவேற முடியாமல் போய்விட்டது என்று நிரூபித்து அதை நீக்கலாம். அப்போதும் நில விற்பனையில் பாத்தியதைக்கு உரிய பங்கை வேறிடத்தில் இயற்கைப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும். அமெரிக்க மத்திய வேளாண் துறையின் ஈரநிலத் திட்டத்தில் 30 ஆண்டு பாத்தியதையும் உண்டு. நிரந்தரத்துக்குத் தயங்குகிறவர்களுக்கு அது பொருந்தும், தொகை குறைவு.

நிரந்தரம் என்ற சொல்லைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, அந்தச் சொல்லை ஆண்டுதோறும் யார் காப்பாற்றுவது என்பதுதான். 1930களில் அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையின் இருபுறமும் காட்சியழகைக் காப்பதற்காக மத்திய அரசு பாத்தியதைகளை வாங்கியது. எதை விற்றோம் என்பதே பல உடைமையாளர்களுக்கு விளங்கவில்லை. மரங்கள் வெட்டப்பட்டன, வழக்குகள் தொடர்ந்தன, கடைசியில் அந்த முறையே வேண்டாம் என்ற அளவுக்குத் துறையினர் சலித்துப்போனார்கள். இன்று நல்ல அறக்கட்டளைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு நிலத்துக்கும் ஆள் அனுப்புகின்றன. வருபவர் உடைமையாளருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, அடிப்படை அறிக்கையையும் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களை ஒட்டி நடக்கிறார். முன்பு படம் எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி படம் எடுக்கிறார். ஓடைக்கரையில் புதிதாக ஒரு டிராக்டர் தடம் தெரிந்தால் குறித்துக்கொள்கிறார். பிறகு அடுப்படி மேசையில் காப்பி குடித்தபடி உடைமையாளரிடம் அதைப் பற்றிப் பேசுகிறார். பெரும்பாலான மீறல்கள் அந்தப் பேச்சிலேயே தீர்ந்துவிடுகின்றன. இந்த வருகைக்கும், பின்னால் வழக்கு வந்தால் அதற்கும் பணம் ஒதுக்காமல் பாத்தியதையை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும் அமைப்பை, அது உள்ளாட்சியாக இருந்தாலும் அறக்கட்டளையாக இருந்தாலும், நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: பொதுமக்கள் வரிச்சலுகை தருகிறார்கள் என்றால், அந்தக் காட்டில் பொதுமக்கள் நடந்து போகலாமா? (வாசகர், சென்னை)

பதில்: பொதுவாக முடியாது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்றே எழுதப்பட்ட பாத்தியதைகளில் மட்டும் நடைபாதை திறந்திருக்கும். மற்றவற்றில் மக்களுக்குக் கிடைக்கும் பயன் நீர், காற்று, பறவை, விளைச்சல், கண்ணுக்கு எட்டும் பசுமை ஆகியவைதான்.

கேள்வி: பணக்காரர்கள் வரி ஏய்ப்பதற்கு இது ஒரு வழி என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: உண்மையாகவே நடந்தது, மறைப்பதற்கில்லை. தரகு நிறுவனங்கள் மலிவாக ஒரு நிலத்தை வாங்கி, அதற்குப் பங்குக் கூட்டாண்மை அமைத்து, முதலீட்டாளர்களுக்குப் பங்கு விற்றன. அங்கே பெரிய விடுதி கட்டியிருந்தால் இவ்வளவு விலை போயிருக்கும் என்று கையாள் மதிப்பீட்டாளரை வைத்து ஊதிப் பெருக்கி, அந்தத் தொகைக்குப் பாத்தியதையை நன்கொடையாகக் காட்டினார்கள். போட்ட பணத்தைப்போலப் பலமடங்கு வரிக்கழிவு பங்குதாரர்களுக்குக் கிடைத்தது. அமெரிக்க வருமான வரித் துறை 2016 டிசம்பரில் இத்தகைய ஏற்பாடுகளைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், கூட்டாண்மைகள் கோரும் கழிவு அவற்றின் முதலீட்டைப்போல இரண்டரை மடங்கைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, அனுமதிக்க முடியாது என்று வரம்பு கட்டியது.

அந்தச் சட்டத்தை வேண்டும் என்று போராடியவர்களில் நில அறக்கட்டளைகளின் கூட்டமைப்பும் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாட்டுப்பண்ணைக் குடும்பம் நேர்மையாகக் கொடுத்த பாத்தியதையையும் இந்த மோசடியையும் மக்கள் ஒன்றாகப் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அந்தக் கவலை எனக்கும் உண்டு.

கேள்வி: குற்றால மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிது தோப்பு உண்டு. அதை யாரும் ரிசார்ட்டாக மாற்றாதபடி இப்படி எழுதி வைக்க இந்தியாவில் முடியுமா? (வாசகர், தென்காசி)

பதில்: இதே வடிவில் முடியாது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். நம் நாட்டின் 1882 ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, பாத்தியதை என்பது ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின் மீது இருக்கும் உரிமை என்று வரையறுக்கிறது. உங்கள் தோப்பை ஒட்டி ஓர் அறக்கட்டளைக்கு நிலம் இல்லையென்றால், அது உங்கள் தோப்பின் மீது பாத்தியதை பெற இந்தச் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவிலும் பழைய பொதுச் சட்டத்தில் இதே தடை இருந்தது. 1981 இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தையோ அதைப் போன்ற சொந்தச் சட்டத்தையோ மாநிலங்கள் இயற்றித்தான் அந்தத் தடையை நீக்கின. நம் சட்டமன்றங்களும் அதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போதைக்கு நெருங்கிய வழி, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தால் சேர்ந்த 36சி பிரிவு. தனியாரோ ஊராரோ தாமாக முன்வந்தால், அவர்களின் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக மாநில அரசு அறிவிக்கலாம்; உடைமை மாறாது, ஆனால் அதன்பின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. சிறு தோப்பு ஒன்றுக்காகத் தனியாகக் கேட்பதைவிட, பக்கத்துத் தோப்புக்காரர்களையும் கிராம சபையையும் சேர்த்துக்கொண்டு மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிப்பது பலன் தரும். 1949 ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் நிலம் வருகிறதா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; வந்தால், விற்பதற்கும் மரம் வெட்டுவதற்கும் ஏற்கெனவே அனுமதி தேவைப்படும்.

கேள்வி: என் மகளும் மருமகனும் பென்சில்வேனியாவில் பாத்தியதை உள்ள பண்ணை ஒன்றை வாங்கிவிட்டார்கள். நாங்கள் போனால் தங்க ஒரு சிறிய வீடும், கூரையில் சோலார் தகடும் போடலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கூரையில் போடும் தகட்டைப் பெரும்பாலான பத்திரங்கள் தடுப்பதில்லை, வயலை நிரப்பித் தகடு பரப்புவதைத்தான் பல பத்திரங்கள் தடுக்கின்றன. இரண்டாவது வீட்டுக்கு, பத்திரத்தில் கட்டடங்களுக்கென்று வரைந்து காட்டிய எல்லைக்குள் இடமும், வீடுகளின் எண்ணிக்கையில் மீதியும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் பாத்தியதை வைத்திருக்கும் அமைப்புக்கு வரைபடத்துடன் கடிதம் எழுதி, எழுத்துமூலமான ஒப்புதலைப் பெறச் சொல்லுங்கள். தொலைபேசியில் யாரோ ஒருவர் ‘கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதை அடுத்த ஆண்டு பார்வைக்கு வருபவர் ஏற்க மாட்டார். அந்தக் கடிதத்தை அடிப்படை நிலை அறிக்கையோடு சேர்த்தே கோப்பில் வைத்திருக்கட்டும். பண்ணையை என்றாவது விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.